மாடி அறையில் ஒரு நுரைக்கூடு

நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போன தங்கையன், கட்டிலில் விழித்தார்.

இதில் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் தூக்கக் கலக்கத்தில் எழுந்து, நாலு எட்டு வைத்துக் கட்டிலில் விழுவது உலகத்தில் நடக்காததல்ல. ஆனால் தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சட்டைக் காலரும் ஈரம். காதுக்குப் பின்னால் கொழகொழவென்று எதுவோ, வெண்டைக்காய் நறுக்கிய கையைக் கழுவாமல் யாரோ தடவிவிட்டது போல. விரலில் எடுத்து மோந்து பார்த்தார். மீன் தண்ணீரில் போட்டு ஊறின பாதாம் இலையின் வாசனை. அதற்கு அடியில் லேசாக மீன் வாயின் வாசனை. மீன் வாய் எப்படி வாசனை வீசும் என்பது அவருக்குத் தெரியும். கடந்த ஒன்றரை வருஷமாக அவருக்கு வேறெதுவும் தெரியாது.

"வேர்வைதான்," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார். அறை அதை ஒத்துக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை.

ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு சந்தின் கடைசி வீடு. கீழ்ப் போர்ஷனில் சாரா பீவி, தையல் மெஷினோடு. மாடியில் தங்கையனும் அவர் மனைவி அனுசுயாவும். தாலுகா ஆபீஸ் பக்கம் தங்கையனுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. அன்று திங்கட்கிழமை, அதன் ஷட்டரில் 'சொந்த வேலை காரணமாக ஒரு வாரம் விடுமுறை' என்று ஒட்டியிருந்தார். பார்த்தவர்கள் வீட்டில் சாவு என்று நினைத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போன் செய்தார்கள். பிறப்பு என்று அவர் விளக்கினார். அதற்குப் பிறகு அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

பிறப்பு, ஃபைட்டர் மீனுடையது. விரல் நீளம், கருநீல உடம்பு, பட்டுப் புடவையை உதறினாற்போல விரியும் தோகை. இந்த ஜாதியில் கூடு கட்டுவதும் பிள்ளை வளர்ப்பதும் ஆண். வாயால் காற்றுக் குமிழி ஊதி ஊதி, தண்ணீர் மேல் நுரையில் கூடு கட்டும். பொட்டை முட்டை போடும். ரவை மாதிரி அது அடியில் உதிர, ஆண் ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கிக்கொண்டுபோய் நுரையில் துப்பி ஒட்டவைக்கும். ஒட்டாமல் விழுந்தால் மறுபடி பொறுக்கும். மறுபடி துப்பும். நாலு நாள் சோறு தண்ணீர் கிடையாது, தூக்கம் கிடையாது. கூட்டுக்குப் பக்கத்தில் எதை நீட்டினாலும் தோகையை விரித்துக்கொண்டு பாயும். முட்டை போட்ட பொட்டையையே அடுத்த நிமிஷம் கிழித்துவிடும். அதை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

நாலு முறை முயன்று நாலு முறையும் தங்கையன் தோற்றிருந்தார். மீன் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மூடி போட்டால், மூடி வேர்த்து, துளி விழுந்து, நுரை உடைகிறது. மூடி போடாவிட்டால் ஆடிக் காற்று வந்து நுரையைக் காயவைக்கிறது. ஐந்தாம் முறை அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஜன்னல் இரண்டுக்கும் பிளாஸ்டிக் ஷீட் அடித்து டேப் ஒட்டினார். கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தார். மூலைக்கு ஒரு வாளி வெந்நீர் வைத்தார். டியூப் லைட்டை அணைக்காமல் விட்டார், விழும் முட்டை அப்பனுக்குக் கண்ணில் பட வேண்டுமே. ஆக, பெட்டிக்குப் போட வேண்டிய மூடியை அவர் அறைக்குப் போட்டார்.

போட்டுவிட்டு அவரும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

அனுசுயா அப்போது கே.கே. நகரில் மகள் வைஷ்ணவி வீட்டில் இருந்தாள், காய்ச்சல் கண்ட பேத்திக்குத் துணையாக. கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மகளிடம் போனில் சொன்னது இது: "நீ பொறந்தப்ப உங்கப்பா ஆஸ்பத்திரி வாசல்ல டீ குடிச்சிட்டு இருந்தார்டி. இப்ப மீனுக்குப் பக்கத்துலயே உக்காந்து பிரசவம் பாக்கறார்."

அதைத் தங்கையன் காதில் விழும்படிதான் சொன்னாள்.

திங்கள் காலை பொட்டை முட்டை போட்டது. மதியம் அவர் நாற்காலியில் தூங்கினார். கட்டிலில் விழித்தார்.

அந்த அறையில் சத்தங்கள் குறைவு. கீழே தையல் மெஷின் கடகடக்கும், நிற்கும். ரயில் ஒன்று காவிரிப் பாலத்தில் ஏறும் தூரத்து இரைச்சல் வந்து தேயும். இவற்றுக்கு நடுவே, பெட்டியில் ஆண் மீன் மேலே வந்து காற்றை ஒரு வாய் கவ்வும். 'டப்'. சின்னச் சத்தம், விரல் நகத்தால் அப்பளத்தைத் தட்டியது போல. தங்கையனுக்கு அது தாலாட்டு. கண் மூடி அதை எண்ணிக்கொண்டிருப்பார்.

அன்று சாயங்காலம் எண்ணிக்கொண்டிருந்தபோது ஒன்று அதிகமாகக் கேட்டது. பெட்டியிலிருந்து அல்ல. மேலேயிருந்து, தளத்துக்கு அப்பால், மொட்டை மாடிக்கும் மேலிருந்து. மெதுவாக, அகலமாக, ஒரு குளத்துக்கே வாய் முளைத்துக் காற்றைக் கவ்வியது போல.

டப்.

மேல் தண்ணீர் தொட்டியின் மூடி காற்றில் அடிக்கிறது என்று முடிவு செய்தார். அந்தத் தொட்டிக்கு மூடி உடைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை அவர் நினைத்துப் பார்க்காமல் இருந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை டீ குடிக்க இறங்கினார். வெளியே நல்ல வெயில், காற்று முகத்தில் மணலை அடித்தது. சாரா பீவி வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தார். தங்கையன் சந்து முனையைத் தாண்டி ஆட்டோ ஸ்டாண்டு வரை போனார். டீக்கடைப் பாய்லரின் ஆவி கண்ணுக்குத் தெரிந்தது. ரேடியோ கேட்டது. அடுத்த அடி எடுத்து வைக்கக் காலைத் தூக்கினார்.

கால் கீழே இறங்கவில்லை.

இருட்டு. கதகதப்பான, ஈரமான, பல்லில்லாத இருட்டு. நாலு பக்கமும் மெத்தென்று வந்து அழுத்தியது. வலிக்கவில்லை, முட்டையைக் கையில் பிடிக்கிறவன் எவ்வளவு அழுத்துவானோ அவ்வளவுதான். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு டியூப் லைட். கட்டில். தலைமுடியிலிருந்து கொழகொழத்த நீர் தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. காலில் செருப்பு இருந்தது.

பி.பி.யாக இருக்கும். சர்க்கரையாக இருக்கும். வயதான உடம்பில் என்னென்னவோ இருக்கும்.

மறுபடி இறங்கினார். இம்முறை வாசல் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் தெருவில் வைத்தார். கட்டிலில் விழித்தபோது இரண்டு உள்ளங்கையிலும் கேட் கம்பியின் துரு கோடு கோடாகப் படிந்திருந்தது.

மாடிப்படிக் கீழிருந்து சாரா பீவியின் குரல் வந்தது. "அண்ணே, மேல இருக்கீங்களா?"

தங்கையன் கதவை விரற்கடை அளவு திறந்தார். "இருக்கேம்மா."

"வெளிய போனீங்களேன்னு பாத்தேன். திரும்பி வந்ததப் பாக்கலையே. வாசல்லதான உக்காந்திருக்கேன்."

"பின்பக்கமா வந்தேன்."

"பின்பக்கம் ஏதுண்ணே, சுவருல்ல இருக்கு." படியில் செருப்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. "படியெல்லாம் ஏன் இப்படி ஈரமா இருக்கு? வழுக்குது. மீன் தண்ணியக் கொட்டுறதா இருந்தா ஒரு வார்த்த சொல்லுங்க, துணி காயப்போட நாங்கல்லாம் நடக்குற படி."

"சரிம்மா."

கதவை மூடினார். ஈரத் துண்டைத் திணித்தார். திணித்த பிறகுதான், எதற்காகத் திணிக்கிறோம் என்று ஒரு கணம் கை நின்றது. பெட்டிக்குள் பார்த்தார். முட்டைகளில் கரும்புள்ளி விழுந்திருந்தது, கண். இன்னும் சில மணி நேரத்தில் பொரியும். இப்போது ஷீட்டைக் கிழித்தால் காற்று வரும், நுரை காயும், நாலு முறை போனது ஐந்தாம் முறையும் போகும். துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித் திணித்தார்.

பாலக்கரையில் மீன் கடை வைத்திருக்கும் ரெஜிஸுக்குப் போன் போட்டார். ஜோடியைக் கொடுத்தது அவன்தான். தங்கையன் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"தம்பி, இந்த முட்டை கீழ விழுந்தா அப்பன் எடுத்து மேல வைக்குதுல்ல. எத்தன தடவ வைக்கும்?"

"எத்தன தடவ விழுதோ அத்தன தடவ வைக்கும் சார். அதுக்குச் சலிப்பே கெடையாது. எங்க வீட்ல தண்ணி ஒரு சொம்பு எடுத்துக் குடுன்னு ரெண்டாவது தடவ கேட்டா சண்டைக்கு வர்றாங்க."

"முட்டைக்கு அது பிடிக்கலேன்னா?"

ரெஜிஸ் சிரித்தான். "சார், முட்டைய யாரு சார் கேட்டா?"

புதன்கிழமை குஞ்சு பொரித்தது. நூறுக்கு மேல், கண்ணிமை ரோமத் துண்டுகள் மாதிரி, வால் கீழே, தலை மேலே, நுரையிலிருந்து செங்குத்தாகத் தொங்கின. தங்கையன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தார். அந்த வாரத்தில் அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு மணி நேரம்தான். முதுகு வலித்து நிமிர்ந்தார். அப்படியே தலையைப் பின்னால் சாய்த்தார்.

கட்டிலுக்கு நேர் மேலே, தளத்தில், நுரை இருந்தது.

சோப்பு நுரை இல்லை. ஒவ்வொரு குமிழியும் தேங்காய் அளவு. ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, பாய் அகலத்துக்கு, மூலை வரை. டியூப் லைட் வெளிச்சம் அதற்குள் போய் மஞ்சளாகத் திரும்பி வந்தது. ஒட்டடைக் கம்பை எடுத்துக் குத்தினார். உடையவில்லை. கம்பை உள்ளே வாங்கிக்கொண்டு, மெதுவாக விட்டது. கம்பின் நுனியில் கொழகொழப்பு. பாதாம் இலை. மீன் வாய்.

அவர் கம்பைச் சுவரில் சாத்தி வைத்தார். ஒழுங்காக, விழாதபடி.

அப்போது சந்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தண்ணீர் கேன் போடும் ஹரிஹரசுதன். புதன்கிழமை தோறும் வருகிறவர், நாற்பது வயசு, படியேறும்போதே "தண்ணி, தண்ணி" என்று ராகம் போடுவார்.

"வேணாம்ப்பா, மேல வராத," என்றார் தங்கையன். குரல் கதவைத் தாண்டியதா என்று தெரியவில்லை.

"தண்ணி, தண்ணி." ஐந்தாம் படி. ஆறாம் படி. கேன் இடுப்பில் இடிக்கும் களக் களக்.

ஜன்னல் ஷீட்டில் வெயில் இருந்தது. அந்த வெயில் ஓரத்திலிருந்து நீலமானது. நனைந்த பட்டுப் புடவையை யாரோ வெளியே ஒரு முனையிலிருந்து விரித்துக்கொண்டே வருவது போல, கருநீலம், அதில் நரம்பு நரம்பாகச் சிவப்பு. இரண்டாவது ஜன்னலையும் அது மூடியது. கதவிடுக்கின் கீற்று வெளிச்சமும் போயிற்று. வீடே ஒரு பக்கமாக உந்தப்பட்டது போலச் சுவர்கள் முனகின.

ராகம் பாதியில் நின்றது.

கேன் உருண்டது. படிப்படியாக. கடைசியில் அது வெடித்துத் தண்ணீர் இறைந்தது. அதற்கும் பிறகுதான் மனிதர் கத்தினார். நீளமாக இல்லை. ஒரு தடவை.

நீலம் மெல்ல மடங்கி, ஜன்னல்களில் மறுபடி வெயில் விழுந்தது.

கீழே சாரா பீவி பெருங்குரலில் ஆட்களைக் கூப்பிட்டதும், ஆட்டோ வந்ததும், போனதும் எல்லாம் தங்கையன் கதவில் காதை வைத்தபடி கேட்டார். ஒரு மணி நேரம் கழித்துப் படிக் கீழிருந்து சாரா பீவி பேசினார். படியில் காலே வைக்கவில்லை.

"அண்ணே, கேன்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கு. முதுகு பூரா கீத்துக் கீத்தாக் கிழிஞ்சு தொங்குது. படியில விழுந்தா எலும்பு உடையும், இப்படியாண்ணே கிழியும்?"

தங்கையன் கதவிடுக்குத் துண்டைக் காலால் அழுத்தினார்.

"பொழைச்சா ரெண்டு பிள்ளைங்களுக்கு அப்பன் இருப்பாரு. நான் எங்க அண்ணன், மச்சி வீட்டுக்குப் போறேன். நீங்களும் எங்கயாச்சும் போயிடுங்க."

"போக முடியலம்மா," என்றார். அது உண்மை என்பதால் அதற்கு மேல் விளக்கத் தோன்றவில்லை.

தையல் மெஷினும் நின்றுபோன வீட்டில், வியாழக்கிழமை விடிந்ததை அவர் ரயிலை வைத்துத் தெரிந்துகொண்டார். கட்டிலில் இல்லை. உள்ளங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. தோள் வரை நுரைக்குள் புதைந்து, தலை மேலே, கால் கீழே, தளத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தார். கீழே, குமிழி வழியாகத் தெரிந்தது, அவருடைய கட்டில், நாற்காலி, பெட்டி. பெட்டிக்குள் நூறு குஞ்சுகள் அதே மாதிரி தொங்கின.

திமிறினார். விழுந்தார். இடுப்பில் அடி. தவழ்ந்து போய் ஜன்னல் ஷீட்டைப் பிய்த்தார். குஞ்சாவது மண்ணாவது என்று இரண்டு கையாலும் பிய்த்தார். ஒரு முழம் கிழிந்தது. காற்று வந்தது. தூரத்தில் ஸ்கூல் வேன் ஹாரன். பிறகு கதகதப்பு, ஈரம், மெத்தென்ற இருட்டு. மறுபடி தளத்தில் தொங்கினார். கிழித்த இடத்தில் தேங்காய் அளவுக் குமிழிகள் வரிசையாக அடைத்திருந்தன. கூட்டில் ஓட்டை விழுந்தால் எந்த அப்பனும் அதைத்தான் செய்வான்.

நாலு தடவை விழுந்தார். நாலு தடவையும் அது பொறுக்கியது. சலிக்கவில்லை.

போன் சட்டைப் பையில், தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கவரில் கிடந்தது, மீன்காரன் பழக்கம். மத்தியானம் அனுசுயாவைக் கூப்பிட்டார். கூப்பிட்டிருக்கக் கூடாது. ஆனால் தொங்குகிற மனிதனுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

"அனு, என்னை ஏதோ தூக்குது."

"என்னங்க சொல்றீங்க?"

"வெளிய போனா தூக்கிட்டு வந்து வைக்குது. இப்ப மேல வச்சிருக்கு."

"மாத்திரை போட்டீங்களா?"

"அனு, விளையாடல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேத்தியின் இருமல் மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல் மாறிவிட்டிருந்தது. முப்பது வருஷத்தில் அவர் இரண்டு மூன்று முறைதான் கேட்ட குரல். "நான் நாளைக்குக் காலைல வந்துடறேன். ஆடி வெள்ளிக்கு வெளக்கேத்தணும், எப்படியும் வரணும்னு இருந்தேன். கதவத் தெறந்து வையுங்க. ஒண்ணும் சாப்பிடாம கெடப்பீங்க, இட்லி கொண்டாரேன்."

போனை வைத்த பிறகுதான், என்ன செய்துவிட்டோம் என்று தங்கையனுக்குத் தெரிந்தது. அதே படி. ஐந்தாம் படி, ஆறாம் படி. கையில் இட்லித் தூக்கு. ஜன்னலில் நீலம்.

பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் சிக்னல் போகவில்லை. குமிழிகளுக்குள் போனின் கட்டங்கள் ஒன்றுமில்லாமல் நின்றன. கையை நுரைக்கு வெளியே நீட்டி, திருப்பி, எல்லாத் திசையிலும் காட்டிப் பார்த்தார். மேலே மட்டும் அவ்வப்போது டப். டப். முன்பைவிடப் பக்கத்தில்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு எப்படியோ ஒரு கட்டம் சிக்னல் வந்து, போன் அடித்தது. அனுசுயா. பஸ் இரைச்சல்.

"பாலத்துல ஏறிட்டேங்க. காவிரில தண்ணி ரெண்டு கரையும் போகுது, பாக்க எவ்வளவு நல்லா இருக்கு. கதவு தெறந்திருக்கா?"

ஜன்னல் ஷீட்டின் ஓரம் நீலமாகத் தொடங்கியது. இன்னும் அவள் பாலத்தில்தான் இருக்கிறாள். அதற்குள் அதற்குத் தெரிந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் வேகமாக வருவாள். அதைத்தான் நேற்றே பார்த்தாயிற்றே. தங்கையன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ வராத."

"ஏங்க?"

"நீ வந்தா குஞ்சு பயப்படும். உன் சத்தம் ஆகாது. வந்தா வாசல்ல நின்னு தொணதொணன்னு பேசுவ."

"என்னங்க, நேத்து ஏதோ தூக்குதுன்னீங்க..."

"சும்மா சொன்னேன். தனியா இருந்து போரடிச்சுது."

பஸ் கியர் மாறியது. ஜன்னல் ஒன்று முழுக்க நீலம். சிவப்பு நரம்புகள் விம்மி விம்மி இறங்கின.

"அப்ப எனக்கும் மீனுக்கும் நடுவுல, நான்தான் போகணும். அப்படித்தானேங்க?"

"ஆமா."

"நான் அங்க வேணாம்."

"வேணாம்."

கண்டக்டர் குரல் தெளிவாகக் கேட்டது. "மாம்பழச்சாலை, மாம்பழச்சாலை எறங்கு."

"சரிங்க சார்," என்றாள் அனுசுயா, கண்டக்டரிடம் அல்ல.

அவள் இறங்கும் சத்தம், பஸ் நகரும் சத்தம், ரோட்டைத் தாண்டுகையில் ஒரு லாரி ஹாரன். எதிர்ப்பக்கம் போகிறாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் பஸ் நிற்கும் பக்கம். போன் கட்டானது. நீலம் ஜன்னலைவிட்டு, வந்த வழியே மெல்ல மடங்கிப் போனது.

தங்கையன் நுரைக்குள் தொங்கியபடி அழுதார். பிறகு, அவள் முழுசாக இருக்கிறாள், முதுகு முழுசாக இருக்கிறது என்று நினைத்து, கொஞ்சம் சிரித்தார். சிரித்த ஆட்டத்தில் நுரை விட்டது. விழுந்தார்.

தரையில் கிடந்தபடி காத்திருந்தார். கதகதப்புக்கு. இருட்டுக்கு.

வரவில்லை.

எழுந்து நின்றார். ஒரு எட்டு வைத்தார். இன்னொரு எட்டு. கதவு வரை போனார், திரும்பி வந்தார். அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். யாரும் பொறுக்கவில்லை. கால்கள் அவருடையவை. முதுகில் வெயில் பட்டது போல ஒரு லேசு. விட்டுவிட்டது. நாலு நாள் ஆயிற்று, போதும் என்று விட்டுவிட்டது.

போன் அடித்தது. ரெஜிஸ்.

"சார், எப்படி இருக்கு பிள்ளைங்கல்லாம்? இன்னும் தொங்குதா, இல்ல படுக்கவாட்டுல நீந்த ஆரம்பிச்சிடுச்சா?"

தங்கையன் பெட்டியில் எட்டிப் பார்த்தார். ஒன்றுகூடத் தொங்கவில்லை. நூறு சின்னக் கோடுகள், படுக்கைவாட்டில், பெட்டி முழுக்க இஷ்டத்துக்கு ஓடின. "நீந்துதுப்பா. எல்லாம் நீந்துது."

"அப்ப இன்னிக்கே அப்பன எடுத்துடுங்க சார். இப்பவே. நாலு நாளாப் பட்டினி அவன். தொங்குற வரைக்கும்தான் அதெல்லாம் பிள்ளை. நடமாட ஆரம்பிச்சிட்டா அவனுக்கு அது தீனி."

"அவனா எடுக்க மாட்டானா... அவனாப் போக மாட்டானா?"

"அவன் எங்க சார் போவான்? நாமதான் எடுக்கணும். வெளிய இருந்து யாராச்சும் எடுத்தாத்தான் உண்டு."

பெட்டியில் ஆண் மீன் தோகையை மடக்கி, அசையாமல் நின்றது. ஒரு குஞ்சு அதன் முகத்துக்கு முன்னால் ஓடியது. வாயைத் திறந்தது. குஞ்சு உள்ளே போனது.

தங்கையன் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பும் என்று.

துப்பவில்லை.

ஓடிப்போய் வலையை எடுத்தார். உள்ளங்கை அகல வலை. பெட்டிக்குள் விட்டு, ஒரே வீச்சில் அப்பனை அள்ளித் தூக்கினார். தொண்ணூற்றொன்பதோ நூறோ, மிச்சம் பிழைத்தது. வலையில் மீன் துள்ளியது. போனில் ரெஜிஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அதைத் துண்டித்து அனுசுயாவுக்கு அடித்தார்.

அடித்தது. அடித்தது. அவள் எடுக்கவில்லை.

மறுபடி.

கட் செய்தாள்.

டப்.

மேலே அல்ல. மொட்டை மாடியில் அல்ல. கதவுக்கு அந்தப் பக்கம்.

ஈரத் துண்டு தானாக உள்ளே நகர்ந்தது. கதவு திறந்தது. படி இல்லை. சந்து இல்லை. வெயில் இல்லை. வாசல் நிறையக் கருநீலம், நின்றபடி. சிவப்பு நரம்பு எதுவும் தெரியவில்லை. தோகை விரியவில்லை, ஒழுங்காக, அடக்கமாக மடிந்திருந்தது. கோபமே இல்லை. அந்த நீலத்தின் நடுவில் தண்ணீர் கேன் அகலத்துக்கு ஒரு கண், வட்டமாக, கறுப்பாக, அறைக்குள் திரும்பியது. கட்டிலைப் பார்த்தது. காலியான நுரையைப் பார்த்தது.

தங்கையன் ஒரு அடி பின்னால் வைத்தார்.

அந்த அசைவுக்குக் கண் வந்தது.

அவர் நின்றார். மூச்சையும் நிறுத்தினார். கையில் உள்ளங்கை அகல வலை, அதில் ஒரு விரல் நீள மீன், துள்ளித் துள்ளித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை. அதை நிறுத்தத் தெரியவில்லை.

கருநீலம் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தது. அவசரமில்லாமல். வாய், மெதுவாக, கதவகலத்துக்குத் திறந்தது.